இரைப்பையில் ஒரு முத்து!

டெலிபோன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் தங்கையன் அப்போதுதான் ஒரு துண்டு இட்லியைச் சாம்பாரில் முக்கி வாய்வரை கொண்டுபோயிருந்தார். குற்றம் செய்கிறவர்களுக்குத் தன் சாப்பாட்டு நேரம் எப்படித்தான் தெரிகிறதோ என்று அவருக்கு ரொம்ப நாளாகவே ஓர் ஆதங்கம் உண்டு.

இடது கையால் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷன்!"

"கடத்திட்டானுங்க சார்!" எதிர்முனையில் ஒரு குரல் கத்தியது. "பட்டப்பகல்ல... என் வீட்டுக் கொல்லையிலேர்ந்து... கடத்திட்டானுங்க!"

"யாருங்க பேசுறது?"

"சீதக்குடி மிராசுதார் பஞ்சநதம்!"

தங்கையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இட்லி தட்டிலேயே விழுந்தது.

வெண்ணாற்றுக் கரை நெடுக சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த சமயம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒரு பக்கம், முடியாது என்று மிராசுதார்கள் மறுபக்கம். தினம் ஒரு வயலில் செங்கொடி, தினம் ஒரு களத்தில் கைகலப்பு. இதில் ஆள் கடத்தல் வேறா?

"யாரைக் கடத்திட்டாங்க? உங்க பையனையா?"

"பையன் மெட்ராஸ்ல இருக்கான் சார்!"

"சம்சாரத்தையா?"

"அவ பக்கத்துலதான் நிக்கிறா!"

"பின்னே யாரைத்தாங்க?"

"சேவலை சார்... சேவலை!"

தங்கையன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்தார். திரும்பக் காதில் வைத்தார்.

"மிராசுதார்... சேவல் காணாம போனதுக்கு ஸ்டேஷனுக்கு டிரங்க் கால் போடுற ஆளை இப்பத்தான் பார்க்குறேன்."

"வெறும் சேவல் இல்லை சார்! அது வயித்துக்குள்ள என் சம்சாரத்தோட முத்து இருக்கு! நல்முத்து! சுண்டைக்காய் பருமன்!"

*

பஞ்சநதம் லேசுப்பட்ட ஆள் இல்லை.

ஆட்சி மாறியதும் கதர்த் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்கு மாறியவர். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் நிலத்தை உறவுக்காரர்கள் பெயரில் பிரித்து எழுதி, பெயர்கள் தீர்ந்துபோனதும், "மாட்டுக்குப் பேரு வச்சா அதும் பேர்ல எழுதலாமா?" என்று வக்கீலிடம் கேட்டார் என்று ஊரில் பேச்சு. வக்கீல் கொஞ்சம் யோசித்த பிறகுதான் முடியாது என்றாராம்.

தங்கையனும் கான்ஸ்டபிள் கண்ணுசாமியும் கொல்லைப்புறத்தில் நின்றார்கள். கவிழ்ந்து கிடந்தது கோழி அடைக்கும் பஞ்சாரம். சேவலைக் காணோம்.

"முத்து எப்படிங்க சேவல் வயித்துக்குள்ள போச்சு?"

"நான்தான் ஊட்டினேன்!"

"நீங்களா?"

"ஆமா சார். அட்டிகையில தொங்குற முத்து வேர்வை பட்டு மங்கிப் போச்சு. நாகூர்ல மீரா உசேன் மரைக்காயர்னு முத்து வியாபாரி. அவர் ஒரு தடவை சொன்னார்... மங்கின முத்தைச் சேவலுக்கு ஊட்டி, கொஞ்ச நேரம் விட்டு அறுத்து எடுத்தா புதுசு மாதிரி வந்துடும்னு. அவங்க தொழில்ல காலங்காலமா செய்யிறதுதானாம். இன்னிக்குக் காலையில ஊட்டிட்டு, பஞ்சாரத்துல அடைச்சுட்டு, உள்ள போயி டிபன் சாப்பிட்டு வந்தேன். ஆளைக் காணோம்!"

"ஆளா?"

"சேவலை!"

தூணோரம் நின்ற மிராசுதாரின் மனைவி நாகம்மாளைத் தங்கையன் திரும்பிப் பார்த்தார். அழவில்லை. பதறவில்லை. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"முத்து உங்களுதாம்மா?"

"எங்க அம்மா போட்டு அனுப்புன அட்டிகைங்க."

"காணாம போனதுல வருத்தம் இல்லையா?"

"ஒரு சேவல்தானே சார்... போனா போகுது. யாரையும் ஒண்ணும் பண்ணாதீங்க. விட்டுடுங்க."

"கேட்டீங்களா!" பஞ்சநதம் நெகிழ்ந்துபோனார். "தங்கமான மனசு சார் இவளுக்கு!"

தங்கையனுக்கு எங்கேயோ இடித்தது. அவர் வீட்டில் போன வருஷம் ஒரு தோட்டுத் திருகாணி தொலைந்ததற்கே ஒரு வாரம் அடுப்பு சரியாக எரியவில்லை. இங்கே தாய்வீட்டு முத்து போயிருக்கிறது, இந்தம்மா சேவலை மட்டும் கணக்கில் சொல்கிறாள்!

"ஏவ்வ்...!"

கான்ஸ்டபிள் கண்ணுசாமி திடுக்கிட்டு லத்தியைப் பிடித்தான். மிராசுதார் விட்ட ஏப்பம் அது.

"மன்னிக்கணும் சார். வயிறு சரியில்லை. தீபாவளியிலேர்ந்து ஒரே நெஞ்செரிச்சல். இவதான் தேன்ல மருந்து குழைச்சுக் குடுத்தா. எரிச்சல் போயே போச்சு! ஆனா இப்ப என்னன்னா, தின்னது தின்ன இடத்துலயே கல்லா நிக்கிது."

"அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சந்தேகம் என்ன சார் சந்தேகம்... வாய்க்காலுக்கு அந்தாண்ட போய்ப் பாருங்க. இளையபெருமாள் குடிசைக்குப் பின்னால சேவல் எறகு கிடக்கு!"

கிடந்தது!

*

இளையபெருமாள் சங்கத்தின் சீதக்குடிக் கிளைத் தலைவன். மிராசுதாரின் நிலத்தில் வேலை, மிராசுதாரின் மனையில் குடிசை. அவன் அப்பா பிறந்ததும் அதே குடிசையில்தான்.

லாக்கப்புக்குள் அமைதியாகக் குந்தியிருந்தான். வெளியே அவன் மனைவி செவ்வந்தி ஒரு சட்டியோடு நின்றாள்.

"அவன் வீட்டு அடுப்புல கறி கொதிக்கிற வாசனை ஊரையே தூக்கிச்சு சார்!" பஞ்சநதம் பெஞ்சில் உட்கார்ந்தபடி விரலை நீட்டினார். "சேவலைத் தின்னுட்டான்! முத்தையும் சேத்து முழுங்கிட்டான்!"

"சட்டியைத் தெறந்து பாருங்க சார்," என்றாள் செவ்வந்தி.

தங்கையன் திறந்தார். மிளகு வாசனை மூக்கில் ஏறியது.

"என்னம்மா இது?"

"வயல் நத்தைங்க. நத்தைக் குழம்பு."

"பொய்!" என்றார் பஞ்சநதம்.

"நத்தைக்கு எறகு மொளைக்குமா சார்?" செவ்வந்தி கேட்டாள். "நீங்களே சொல்லுங்க!"

கண்ணுசாமி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தங்கையன் மேஜைமேல் கிடந்த இறகுகளை எடுத்துப் பார்த்தார். நீளமான, பளபளக்கும் வால் இறகுகள். எல்லாமே வால் இறகுகள். கறிக்குப் பறிக்கிறவன் சேவலின் வாலை மட்டுமா பறிப்பான்? மீதி இறகெல்லாம் எங்கே?

"சார்..." செவ்வந்தியின் குரல் இறங்கியது. "நாளைக்குத் தாசில்தார் வர்றாருங்க."

"எதுக்கு?"

"குடியிருப்பு மனை விசாரணைக்கு. சர்க்கார் சட்டம் போட்டிருக்கே... குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கேன்னு. நாளைக்கு இவரு நேர்ல நின்னு சொல்லணும். நிக்கலைன்னா 'ஆள் குடியில்லை'ன்னு கணக்குப்பிள்ளை எழுதிட்டுப் போயிடுவாரு. அப்புறம் குடிசையைப் பிரிச்சு வாய்க்கால்ல போட்டுருவாங்க. எனக்கு ரெண்டு பொட்டைப் புள்ளைங்க சார். மழை வந்தா எங்க போயி நிப்பேன்?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தங்கையன் யோசித்தார். நாளைக்கு மனை கையில் வரப்போகிறவன் இன்றைக்குப் போய்ச் சேவல் திருடுவானா?

ஆனால் புகார் கொடுத்தவர் மிராசுதார். இறகு கிடந்தது குடிசைக்குப் பின்னால். சும்மா விட்டால் மேலிடத்திலிருந்து போன் வரும்.

"இளையபெருமாள்... நெஜத்தைச் சொல்லு. எடுத்தியா?"

"சார், கூலி நெல்லு ஒரு மரக்கால் கூடக் கேட்டேன். அது நெஜம். சேவலைக் கேக்கலை."

"முழுங்கினவன் ஒத்துக்குவானா?" பஞ்சநதம் குதித்தார். "டாக்டரைக் கூப்பிடுங்க சார்! பேதி மருந்து குடுக்கச் சொல்லுங்க! இவனை நாளைக்கும் நாளன்னிக்கும் இங்கயே வச்சிருந்தா முத்து தானா வெளியில வந்துடும்!"

நாளைக்கும் நாளன்னிக்கும்! தங்கையன் அந்த வார்த்தையை மனசில் குறித்துக்கொண்டார். விசாரணை நாளைக்கு.

"கண்ணுசாமி! டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வா!"

*

டாக்டர் ஹமீதா பானு மத்தியானத்துக்கு மேல்தான் வந்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கூட்டம். கையில் ஸ்டெதாஸ்கோப், முகத்தில் களைப்பு. விஷயத்தைக் கேட்டதும் களைப்பு போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"சேவலுக்கு முத்து ஊட்டுற வித்தையா? எங்க வாப்பா சொன்னதா?"

"வாப்பாவா?" தங்கையன் கேட்டார்.

"மீரா உசேன் மரைக்காயர் பொண்ணு சார் நான். முத்து வியாபாரம் பண்ற வீட்டுல பொறந்து ஊசி குத்த வந்துட்டேன். மிராசுதார்... எவ்வளவு நேரம் விடணும்னு வாப்பா சொன்னாங்க?"

"கொஞ்ச நேரம்னாரு. நேரத்துல என்னம்மா இருக்கு? வயிறுங்கிறது ஒரு பை. உள்ள போட்ட சாமான் உள்ளதானே கிடக்கும்!"

"பையா?" ஹமீதா பானு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பை இல்லைங்க. அடுப்பு!"

"அடுப்பா?"

"நெருப்பு இல்லாத அடுப்பு. உங்க வயித்துல, என் வயித்துல, சேவல் வயித்துல... எல்லாத்துலயும் ஆசிட் ஊறுது. நெஜமான ஆசிட். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்!"

கண்ணுசாமி தன் தொப்பையைப் பயத்தோடு தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப வயித்துல ஓட்டை விழாதாங்க டாக்டரம்மா?"

"இரைப்பை உள்சுவர்ல வழவழன்னு ஒரு பூச்சு இருக்கு கண்ணுசாமி. அது காப்பாத்துது. மேல தொண்டைக்குப் போற குழாய்ல அந்தப் பூச்சு கிடையாது. அதனாலதான் ஆசிட் மேல ஏறினா நெஞ்சு எரியுது. ஆசிட் மேல தப்பு இல்லை. அது இடம் மாறி வர்றதுதான் தப்பு."

"அந்த எழவு எதுக்கும்மா வயித்துல?" என்றார் பஞ்சநதம். "எனக்கு அது இல்லாமலே நல்லாத்தானே... ஏவ்வ்!"

"நல்லாத்தான் இருக்கு, கேட்டுச்சு!" ஹமீதா பானு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சாப்பிட்டது எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி நிக்கிது. வயிறு உப்பிக்கிது. போன வாரம் சாப்பிட்டது ஒத்துக்காம ரெண்டு நாள் பேதி வேற."

"பேதி வராம? கறியும் பருப்பும் செரிக்க ஆரம்பிக்கிறதே அந்த ஆசிட் இருந்தாத்தான். சோத்தோட உள்ள போற கிருமியைக் கொல்றதும் அதுதான். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டுத் திருடன் வர்றான்னு அழுதா எப்படி? என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"என் சம்சாரம் தேன்ல குழைச்சுக் குடுக்கிறா. சங்கு பஸ்பம்."

"சங்கு சுண்ணாம்பு மிராசுதார். சுண்ணாம்பு பட்டா ஆசிட் அணைஞ்சு போகும். அளவோட சாப்பிட்டா எரிச்சலுக்கு நல்லதுதான். நீங்க எவ்வளவு?"

"நல்லா கேக்குதேன்னு... மூணு வேளையும் கரண்டி கரண்டியா..."

"அப்ப உங்க அடுப்புல உலை வச்சே மாசக்கணக்காகுது!"

தங்கையன் தொண்டையைச் செருமினார். "டாக்டரம்மா... முத்துக்கு வருவோம். பேதி மருந்து குடுத்தா வெளியில வந்துடுமா?"

"எது வரும்? முத்தும் சுண்ணாம்புதான் சார்! சிப்பிக்குள்ள விளைஞ்சதாலே அதுக்கு மவுசு. ஆசிட் பட்டா அதுவும் கரையும். சேவல் வயித்துல கொஞ்ச நேரம் இருந்தா மேல இருக்கிற அழுக்கு மட்டும் கரையும், பளபளன்னு வரும். அதுதான் வாப்பா சொன்ன வித்தை. மறந்து விட்டுட்டா முத்தோட மேல் தோலே போயிடும். சேவலுக்குப் பல்லு வேற கிடையாது. அது பொறுக்கித் தின்ன கல்லெல்லாம் உள்ளுக்குள்ள அரைக்கும். ஆசிட் ஒரு பக்கம், கல்லு ஒரு பக்கம்!"

"சாயந்தரம் வரைக்கும் உள்ளயே இருந்தா?" என்றார் தங்கையன்.

"ஏதாவது மிச்சம் இருந்தா அதிர்ஷ்டம்."

தங்கையன் தற்செயலாகப் பஞ்சநதத்தின் பக்கம் திரும்பினார்.

மிராசுதாரின் முகத்தில் ஈயாடவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கறுப்பு சிவப்புக் கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது!

தங்கையனுக்குப் பொறி தட்டியது. சேவலை இளையபெருமாள் தின்றுவிட்டான் என்று சொன்னவர் இவர். தின்று தீர்ந்த சேவலுக்காக இப்போது எதற்கு வேர்க்க வேண்டும்?

குரலில் ஒன்றும் காட்டாமல் கேட்டார். "நாளன்னிக்கு வரைக்கும் இருந்தா டாக்டரம்மா?"

"நாளன்னிக்கா? ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்!"

பஞ்சநதம் எழுந்தார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டார்.

"சார்... நான் கொஞ்சம் வீடு வரைக்கும்... பால் கறக்கிற ஆளு வந்திருப்பான்..."

"இந்த வெயில்லயா?"

பதிலுக்கு அவருடைய கார் கிளம்பிய சத்தம்தான் வந்தது.

"கண்ணுசாமி! ஜீப்பை எடு!"

"தள்ளணும் சார்!"

"தள்ளு!"

"ஒரு ஆளால முடியாது சார்!"

தங்கையன் ஒரு விநாடி யோசித்தார். லாக்கப்பைத் திறந்தார்.

"இளையபெருமாள், வந்து ஒரு கை குடுப்பா!"

குற்றவாளி தள்ள, குற்றவாளியின் மனைவி தள்ள, டாக்டரம்மாவும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தள்ள, ஜீப் இருமிக்கொண்டு கிளம்பியது. எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். யாரையும் இறக்கிவிட நேரமில்லை!

*

மிராசுதார் வீட்டை ஒட்டிய களத்துமேட்டில் அவருடைய கார் நின்றது. வைக்கோல் போருக்குப் பின்னால் யாரோ முனகுகிற சத்தம்.

தங்கையன் பூனைநடை போட்டுப் போய் எட்டிப் பார்த்தார்.

மிராசுதார் பஞ்சநதம்! வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வலது கையில் அரிவாள். இடது கையில் சேவல். உயிரோடு!

சேவலுக்கு வால் இல்லை.

"கையைத் தூக்குங்க மிராசுதார்!"

பஞ்சநதம் இரண்டு கைகளையும் தூக்கினார். தலைக்கு மேலே போன சேவல், என்ன நினைத்ததோ, கழுத்தை நீட்டி ஒரு கூவல் கூவியது.

"ஆக... கடத்தினது நீங்களேதான்?"

"சார்... அது வந்து..."

"வாலைப் பிடுங்கி அவன் வீட்டுப் பின்னால போட்டதும் நீங்கதான்?"

பஞ்சநதம் தலையைத் தொங்கப்போட்டார். "நாளைக்கு ஒரு நாள் அவன் உள்ள இருந்தாப் போதும்னு நெனைச்சேன் சார். மனை கைவிட்டுப் போயிடக்கூடாதேன்னு... விசாரணை முடிஞ்சதும் சேவல் கிடைச்சுடுச்சுன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். முத்து அதுவரைக்கும் அது வயித்துல பத்திரமா இருக்கும்னு..."

"வயித்தைப் பெட்டகம்னு நெனைச்சுட்டீங்க," என்றாள் ஹமீதா பானு.

செவ்வந்தி முன்னால் வந்தாள். கண்ணில் அனல் பறந்தது. "எங்க குடிசையைப் பிடுங்கவா இவ்வளவும்? ஒரு பிடி மண்ணுங்க அது! உங்க கொல்லையில மாடு கட்டுற எடம்கூட அதைவிடப் பெரிசு!"

பஞ்சநதத்தால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எதுவானாலும் அப்புறம் பேசலாம் சார்!" கெஞ்சினார். "முதல்ல அறுங்க! உள்ள கரைஞ்சுக்கிட்டிருக்கு!"

கண்ணுசாமி அரிவாளை வாங்கினான். சேவலின் கதை அத்தோடு முடிந்தது. இரைப்பையைக் கீறிக் கவிழ்த்தான். நெல், மணல், பொடிக்கல்... நடுவில் உருண்டையாக ஒன்று!

"இருக்கு!" பஞ்சநதம் குழந்தை போலக் கூவினார். "முழுசா இருக்கு சார்! பாத்தீங்களா டாக்டரம்மா? கரையும்னு பயமுறுத்தினீங்களே!"

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வந்து, பேச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே நெருங்கிய நாகம்மாள் அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஹமீதா பானு அதை வாங்கித் துடைத்தாள். வெயிலில் தூக்கிப் பிடித்தாள். புருவம் சுருங்கியது.

"காலையிலேர்ந்து உள்ள கிடந்திருக்கு. துளிகூடத் தேயலை."

"அதான் நல்முத்து!"

"அதனாலதான் இது முத்தே இல்லை!"

"எ... என்னது?"

"மேல இருந்த பூச்சு மட்டும் போயிருக்கு பாருங்க. உள்ள கண்ணாடி. ஆசிட்டால கண்ணாடியை அசைக்க முடியாது மிராசுதார். நாங்க ஆசிட்டை ஊத்தி வைக்கிறதே கண்ணாடி பாட்டில்லதான்!"

பஞ்சநதத்துக்கு முகம் சிவந்தது. "மாத்திட்டாரு! உங்க வாப்பா மாத்திட்டாரு! அட்டிகையை மெருகுக்குக் குடுத்தப்ப..."

"வார்த்தையை அளந்து பேசுங்க!" ஹமீதா பானு அந்த உருண்டையை அவர் கையில் திணித்தாள். "எங்க வாப்பா ஊரான் முத்துக்கு ஆசைப்பட்டவர் இல்லை!"

"பின்னே என் முத்து எங்கே? எங்கேங்கிறேன்!"

"நிறுத்துங்க!"

நாகம்மாள்!

எல்லோரும் திரும்பினார்கள்.

"பெரியவர் மேல பழி போடாதீங்க. முத்து எங்கேயும் போகலை."

"எங்கே இருக்கு நாகு?"

"உங்க வயித்துலதான்."

பஞ்சநதம் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"தீபாவளியிலேர்ந்து ராவெல்லாம் எரியுது எரியுதுன்னு துடிச்சீங்க. பாக்கச் சகிக்கலை. சங்கு பஸ்பத்தோட நல்முத்தும் சேந்தா ரொம்ப ஒசத்தின்னு வைத்தியர் சொன்னாரு. உங்களைக் கேட்டா, உசுரே போனாலும் முத்தைத் தொடாதேம்பீங்க. அதான்... அட்டிகையில கண்ணாடி மணியைக் கோத்துட்டு, முத்தைக் கல்வத்துல போட்டு இடிச்சுட்டேன். கரண்டி கரண்டியா வாங்கிச் சாப்பிட்டது நீங்கதான்."

தங்கையனுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. முத்து போனதற்கு இந்தம்மா ஏன் அழவில்லை என்பது உட்பட!

"எனக்காகவா நாகு?" பஞ்சநதம் அவள் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். "உங்க அம்மா போட்ட முத்தை... எனக்காகவா?"

"வேற யாருக்கு? ஆனா, இவ புருஷனை உள்ள தள்ளத்தான் நீங்க எழுந்து நடமாடுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா இடிச்சிருக்க மாட்டேன்."

நாகம்மாள் செவ்வந்தியின் பக்கம் திரும்பினாள். "சேவலை உன் புருஷன்தான் எடுத்திருப்பாருன்னு நானும் நம்பிட்டேன்மா. முத்து விஷயம் வெளியில வந்துடுமேன்னு பயந்து, போனா போகுதுன்னு மட்டும் சொல்லிட்டு நின்னுட்டேன். மன்னிச்சுடு."

செவ்வந்தி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கண்ணிலிருந்த அனல் கொஞ்சம் தணிந்தது.

தங்கையன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சரி மிராசுதார்... பொய்ப் புகார் குடுத்திருக்கீங்க. சாட்சிக்கு ஜோடனை பண்ணியிருக்கீங்க. ஏறுங்க ஜீப்புல!"

"வேணாம் சார்!"

சொன்னது இளையபெருமாள்!

"ஏம்ப்பா? உன்னை உள்ள தள்ளினவரு!"

"அதனாலதான் சார் சொல்றேன். இவரு உள்ள போயிட்டா நாளைக்கு விசாரணைக்கு யாரு வர்றது? எனக்கு இவரு வெளியில வேணும். தாசில்தார் முன்னால நின்னு, இந்த மனையில குடியிருக்கிறவன் இளையபெருமாள்தான்னு தன் வாயால சொல்லணும். சொன்னா சேவல் விஷயத்தை நான் மறந்துடுறேன்."

"சொல்லலைன்னா?" என்றார் தங்கையன்.

"நீங்க மறக்காதீங்க!"

*

மறுநாள் காலை. பள்ளிக்கூடக் கட்டடத்தில் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை, பேனா மூடியைக் கழற்றித் தயாராக இருந்தார். தங்கையன் வாசலோரம் நின்றார். காவலுக்குத்தான் வந்ததாகப் பேர். உண்மையில் அவரால் ஸ்டேஷனில் உட்கார முடியவில்லை.

"இளையபெருமாள்!"

"இருக்கேனுங்க!"

"மனைக்குச் சொந்தக்காரர் ஆட்சேபணை ஏதாவது...?"

கணக்குப்பிள்ளை முந்திக்கொண்டார். "மிராசுதாருக்கு ஆட்சேபணை உண்டுங்க. எழுதிடட்டுமா? ஆள் குடி..."

"யோவ், நிறுத்துய்யா!"

பஞ்சநதம் எழுந்து நின்றார். அவருடைய அப்பா காலத்து மண். கண்ணெதிரே கைமாறப்போகிற மண். தங்கையன் அவரையே பார்த்தார். செவ்வந்தி இரண்டு பெண்பிள்ளைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மிராசுதார் மெல்லத் திரும்பிப் பார்த்தார். பெண்கள் வரிசையில் நாகம்மாள். அட்டிகை இல்லாத வெறும் கழுத்து. அவள் கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆட்சேபணை இல்லீங்க," என்றார் பஞ்சநதம். "குடியிருக்கிறவன் இவன்தான். இவன் அப்பன் பொறந்ததும் அங்கதான். எழுதிக்குங்க."

கணக்குப்பிள்ளையின் பேனா கீழே விழுந்தது.

செவ்வந்தி அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இளையபெருமாள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான். தங்கையன் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகக் கண்ணுசாமியிடம் சொன்னார். அவன் நம்பவில்லை.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு பஞ்சநதத்தை மறுபடி பார்த்தார்.

"மிராசுதாரே! இந்த தாலுகாவிலேயே இப்படி ஒருத்தர் தானா எழுந்து சொல்லி நான் கேட்டதில்லை. உடம்புக்கு ஏதாவது...?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க!" பெண்கள் வரிசையிலிருந்து நாகம்மாளின் குரல் வந்தது. "இவரை ஒரு தடவை உண்மை பேச வைக்க எனக்கு ஒரு நல்முத்து செலவாயிருக்கு, அவ்வளவுதான்!"